ஒரு வரிக்கு ஒரு வக்கீல்

திருமயத்தில் பத்திர ஆபீசுக்கு எதிர் வரிசையில் மூன்றாவது கடையில் நான் வேலை பார்க்கிறேன். முதலாளி பத்திரம் எழுதுபவர், நான் டைப் அடிப்பவள். கிரயமோ தானமோ பாகப்பிரிவினையோ, அவர் சொல்லச் சொல்ல என் விரல் ஓடும். பிழை கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தாலும் சரி, தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து விழுந்திருந்தாலும் சரி, என் கண்ணுக்குத் தப்பாது. “தங்கச்சி பாத்துருச்சுல்ல, அப்பறம் என்ன” என்று முதலாளி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்.

எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி பிரிவதற்கும் பத்திரம்தான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்து, முத்திரைத்தாள் வாங்கி, ‘இன்று முதல் நம்மில் ஒருவர் மேல் ஒருவருக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்று எழுதி, ஆளுக்கு இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. ‘தீத்து விட்டாச்சு’ என்பார்கள். கேட்கிறவன் கேனையாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்று சொல்வதுண்டு. இதில் சொல்கிறவர்களும் சேர்ந்தே நம்பினோம் என்பதுதான் வேடிக்கை. எத்தனை ஜோடிகளுக்கு அப்படி அடித்துக் கொடுத்திருப்பேனோ, எனக்கே நினைவில்லை.

என்னுடையதையும் நான்தான் அடித்தேன்.

அன்று என் புருஷன் பக்கமிருந்து ஒரு வேனும் ஒரு காரும் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கீரமங்கலம் பக்கத்துக்காரர்கள். பூக்கொல்லை வேலையைப் போட்டுவிட்டு வந்ததால் எல்லோருக்கும் அவசரம். என் பக்கம் என்னைப் பெற்ற ஆத்தா மட்டும்தான். திருப்பூரில் இருக்கும் தம்பி வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக் கடைசியில் வரவில்லை. எனக்குச் சாட்சி போட ஆளில்லாமல் முதலாளி ஒரு கையெழுத்தும் பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு கையெழுத்தும் போட்டார்கள். “வேற ஆளுக்கு எங்கிட்டுப் போறது? நீயே அடிச்சிரு தங்கச்சி, ரெண்டு பக்கந்தானே” என்று முதலாளி தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அடித்தேன். மாமனாரின் இனிஷியல் தப்பாக இருந்தது, சொல்லித் திருத்தினேன். அடுத்த வரி, ‘நமது இல்லற வாழ்க்கையில் குழந்தை பாக்கியம் ஏதும் உண்டாகாத காரணத்தால்’ என்று வந்தது. அதையும் அடித்தேன். இனிஷியலுக்குத் திறந்த வாய் அதற்குத் திறக்கவில்லை. ஆத்தா மட்டும் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

ஏனென்றால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாசத்திலேயே, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில். பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். உயிரோடு அவள் முகத்தைப் பார்த்த சொந்தம் மூன்றே பேர்: நான், ஆத்தா, அவர். மாமியார் ‘வீட்டுக்குத்தானே வருது, வந்தாப் பாத்துக்கலாம்’ என்று இருந்துவிட்டார். பதினோராம் நாள் காலையில் அவள் இறந்துபோனாள். அவரும் அவருடைய சித்தப்பாவுமாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். தையல் ஆறாமல் நான் வார்டில் கிடந்தேன். எங்கே புதைத்தீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, “பூக்கொல்லையிலதான்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பெயர் வைக்காத பிள்ளைக்குக் காரியமும் இல்லை, கருமாதியும் இல்லை. ‘அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத’ என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் அதிகம் சிரமப்படாமலே மறந்தார்கள்.

இரண்டு வருஷத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமியார் “புள்ள பொறக்காத வீடு” என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் என் புருஷன் பக்கத்திலேதான் நின்றிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்த வீடு விட்டுப்போனது. ஆத்தாவிடம் வந்தேன், கல்யாணத்துக்கு முன்பு பார்த்த இதே கடை வேலைக்குத் திரும்பினேன், ஒரு வருஷத்தில் பத்திரமும் எழுதியாகிவிட்டது.

ஆத்தா இறந்து மூன்று வருஷமாகிறது. அதன்பிறகு பிள்ளையின் முகம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவருக்கும் எனக்கும் யாதொரு பின்தொடர்ச்சியும் இல்லை என்று என் கையாலேயே அடித்திருக்கிறேன்.

கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். தனியாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும், ஒரு ஆளுக்கு ரசம் வைக்கவே முடியாது. எப்படி வைத்தாலும் மூன்று பேருக்கு ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பத்திர ஆபீஸ் லீவு. சனிக்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு முதலாளி “வாரேன் தங்கச்சி” என்று போனால், திங்கட்கிழமை காலையில் அவர் “வந்துட்டியா” என்று கேட்கும் வரை என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சில திங்கட்கிழமைகளில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும்.

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருக்கும்போது போன் வந்தது. வெளிநாட்டு நம்பர்.

“நாந்தான்” என்றது குரல். ஒன்பது வருஷம் கழித்து ‘நாந்தான்’ என்றால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். தெரிந்தும்விட்டது, அதுதான் எரிச்சல்.

“நல்லா இருக்கியா?”

“இருக்கேன். சொல்லுங்க.”

சொன்னார். மறுபடி கல்யாணம் செய்துகொண்டதும் ஒரு பையன் இருப்பதும் எனக்கு முன்பே காதில் விழுந்ததுதான். இப்போது அவர்களைத் தான் வேலை பார்க்கும் நாட்டுக்கு அழைத்துக்கொள்ள வேண்டுமாம். ஆனால் அவர் பாஸ்போர்ட்டில் மனைவி என்ற இடத்தில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறதாம். அதை எடுக்கக் கோர்ட் ஆர்டர் கேட்கிறார்களாம். “நாம எழுதுன பத்திரம் செல்லாதாம்ல” என்றார், நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்பதுபோல.

ஒன்பது வருஷமாக அவர் சட்டைப்பையில் என் பெயர் கடல் தாண்டிப் போய்வந்திருக்கிறது. அதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருந்தது. ஏதோ ஒரு தாளில் நான் யாருக்கோ ஏதோவாக இருந்திருக்கிறேன்.

“வக்கீல் நான் பாத்துட்டேன். ரெண்டு பேருக்கும் அவரே போதும்ங்கிறாரு. நீ தனியா ஆள் பாக்க வேணாம், ரெண்டு தடவ வந்து கையெழுத்துப் போட்டாச் சரி. டிராப்ட்ட ஒனக்கு அனுப்பச் சொல்றேன். நீதான் டைப் பண்றவளாச்சே, பாத்து அடிச்சுக் குடுத்துரு.”

இப்படியும் ஒரு மனுஷன். இரண்டாவது தடவையும் நானே அடிக்க வேண்டுமாம்.

டிராப்ட் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றாவது பத்தியில் இருந்தது அந்த வரி: ‘மனுதாரர்களுக்குக் குழந்தை ஏதும் பிறக்கவில்லை.’ அந்த நம்பருக்கு நானே கூப்பிட்டேன்.

“மூணாவது பாராவுல குழந்தை பிறக்கலன்னு இருக்கு. அத மாத்தச் சொல்லுங்க.”

“அத எதுக்கு இப்பக் கோர்ட்டு வரைக்கும் இழுக்குற?” என்றார். “எழுதுனா கேள்வி மேல கேள்வி வரும்னு வக்கீல் சொல்றாரு. எனக்கு லீவு கெடையாது. விட்டுரு.”

விட்டுவிடலாம்தான். கையெழுத்துப் போட்டால் இரண்டு நடையில் முடிந்துபோகும், அவருக்கும் நல்லது, எனக்கும் தொல்லை இல்லை. எனக்கென்று ஒரு வக்கீல் வைத்தால் இழுத்தடிக்கிறாள், குடும்பம் சேரவிடாமல் தடுக்கிறாள் என்று கீரமங்கலம் சந்தை வரை பேச்சுப் போகும். தம்பியிடம் போனில் சொன்னேன். “எதுக்குக்கா வீண் வம்பு” என்றான். வம்பு என்றால் அவனுக்கு நான்தான்.

உண்மையில் என்னைத் தடுத்தது ஊர்ப்பேச்சு இல்லை. வக்கீல் வைத்தால் அவரிடம் உட்கார்ந்து பிள்ளையைப் பற்றி வாயால் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டால், அவள் முகம் தெரிந்த அந்த ஒரே மனுஷனும் எனக்கு யாரோ ஆகிவிடுவார். அதற்குப் பிறகு அவள் இருந்தாள் என்று நான் மட்டும் சொல்ல வேண்டும். ஒருத்தி மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

ஒரு வாரம் கழித்து, மனுவில் ஒரு வரியை மாற்ற வக்கீல் வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஒரு வரிக்கு ஒரு வக்கீலா தங்கச்சி?” என்று சிரித்தார். “கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இரு.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “ஏண்ணே, பத்திரத்துல எல்லை ஒரு வரி தப்பாப் போச்சுன்னா என்ன செய்வீங்க?”

“பிழைத்திருத்தல் பத்திரம் போடுவோம்.”

“அரைக் குழி நெலத்துக்குப் போடுவீங்கல்ல? எம்புள்ளைக்குக் கெடையாதா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது ஒரு துண்டுத்தாளை என் மேஜையில் வைத்தார். புதுக்கோட்டையில் ஒரு பெண் வக்கீலின் போன் நம்பர். “அன்னைக்கு நானும்தானே அந்த வரியச் சொன்னேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முதல் தடவை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன். இரண்டாம் தடவைதான் மாடிப்படி ஏறினேன். வக்கீலுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ரிவால்விங் நாற்காலியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்.

“சொல்லுங்கக்கா. ஒங்களுக்கு என்ன வேணும்? ஜீவனாம்சம் கேக்கலாம். அவரு செஞ்ச ரெண்டாவது கல்யாணத்துக்குக் கேஸே போடலாம்.”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம் மேடம். ஒரு வரிய மாத்தணும்.”

போனை நீட்டினேன். படித்தார். சிரிக்கவில்லை. “கொழந்த பொறந்துச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று இரண்டு மணி நேரம் பேசினேன். கண்ணாடிப் பெட்டி, பதினொரு நாள், ஆத்தா வாங்கி வைத்திருந்த மஞ்சள் துணி, எல்லாவற்றையும். அவர் ஒரு நீளத் தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். நான் சொல்லி இன்னொருவர் எழுதிக்கொள்வது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் எனக்காக ஆஜராகிப் பேசலாம் என்ற வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டார். எத்தனையோ தாளில் எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போட இடம் காட்டியிருக்கிறேன். அன்று அவர் எனக்கு இடம் காட்டினார். போட்டேன். “டைப்பிங் எல்லாம் எங்க ஆபீஸ்ல பண்ணிக்கிறோம்க்கா” என்றார். நல்லது என்றேன்.

பிறந்ததற்கு ரிக்கார்டு வேண்டுமென்றதால் நகராட்சி ஆபீசுக்குப் போனேன். மூன்று நடை நடந்தபிறகு பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. தந்தை பெயர், தாய் பெயர், பாலினம் பெண். குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் காலி. “பேரு சேக்கலையாம்மா?” என்று கிளார்க் கேட்டார். “பதினஞ்சு வருசத்துக்குள்ள சேத்துக்கலாம். அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கணும்.” அவருக்கு விஷயம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

புருஷன் பக்கத்து வக்கீல் முதலில் முரண்டு பிடித்தாராம். என் வக்கீல், அந்த வரி மாறாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார். அவசரம் அவர்களுக்குத்தான், அதனால் ஒத்துக்கொண்டார்கள். மனு மாறியது: ‘மனுதாரர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பதினோராம் நாளில் இறந்துவிட்டது.’ பிழை இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் நாலு தடவை படித்தேன். இல்லை. அவர் மூன்று நாள் லீவில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னோடு பேசாமலே போனார். அப்புறம் ஆறு மாசம் காத்திருந்தோம்.

கடைசி வாய்தாவுக்கு அவர் தனியாகத்தான் வந்தார். வேனும் இல்லை, காரும் இல்லை. முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. ஜட்ஜ் ஒரு அம்மா. வழக்குக் கட்டைப் புரட்டி, சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். இல்லை என்றோம். மூன்றாவது பத்தியில் ஜட்ஜின் விரல் நின்றது.

“ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்துருச்சா?”

அவரைத்தான் கேட்டார். மாமியார் பக்கத்தில் அன்று நின்றதுபோல இன்றும் நிற்பாரோ என்று பார்த்தேன்.

“ஆமாங்கம்மா” என்றார்.

“பேரு வச்சிருந்தீங்களா?”

“இல்லீங்கம்மா” என்றேன் நான்.

“வச்சிருந்தோம்ங்கம்மா” என்றார் அவர்.

ஜட்ஜ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன பேரு?” என்று கேட்டார். அவர் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மூன்றெழுத்துப் பெயர். ஜட்ஜ் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று என் வக்கீல் என் தோளைத் தொட்டுச் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவே இல்லை.

வராந்தாவில் அவரைப் பிடித்தேன். அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

“யாரு வச்ச பேரு?”

அவர் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சித்தப்பாதான் குழி வெட்டுனாரு. பேரு இல்லாமப் பச்சப்புள்ளைய எப்படிடா அனுப்புறது, ஒரு பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டு மண்ணப் போடுன்னாரு. வாயில வந்ததச் சொன்னேன்.”

“பன்னெண்டு வருசமா எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா நீ கூப்புட ஆரம்பிச்சிருவ. அப்பறம் ஒன்னைய மீக்க முடியாதுன்னு நெனச்சேன்.” பிறகுதான் என் பக்கம் திரும்பினார். “ஊருக்கு வாரப்பல்லாம் கொல்லைக்குப் போயி நான் கூப்புட்டுட்டுத்தான் வாரேன்.”

எனக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான் வந்தது. பெற்றவள் நான், மனசுக்குள் கூப்பிடக்கூட எனக்கு ஒரு பெயர் இல்லை. இவர் பெயரை வைத்துக்கொண்டு ஊருக்கு முன்னால் பிள்ளையே பிறக்கவில்லை என்றிருக்கிறார். ஆனால் இந்தப் பன்னிரண்டு வருஷமும் அவளை நினைத்துக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை. அதைக் கல்யாணம் முடிந்துபோன பத்தாவது நிமிஷத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

என் வக்கீலிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினேன். கோர்ட் ஜன்னல் திட்டில் வைத்து, குழந்தையின் பெயரைப் பதிவில் சேர்க்கக் கோரி நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதினேன். இறந்துபோன பிள்ளைக்குச் சேர்ப்பார்களா, தெரியாது. பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றது. “எப்படி எழுதணும்?” என்று கேட்டேன்.

“தெரியல. நான் எழுதிப் பாத்ததில்ல” என்றார். “கூப்புட்டுத்தான் பழக்கம்.”

நான் எழுதினேன். அவர் குனிந்து, உதடு அசையப் படித்துப் பார்த்தார். தந்தை என்ற இடத்தில் அவரும் தாய் என்ற இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டோம். “வாரேன்” என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். நான் நகராட்சிக்குப் போய்த் தாளைக் கொடுத்துவிட்டு, தனியாகத் திருமயம் பஸ் ஏறினேன்.

ஜன்னலோர சீட்டு கிடைத்தது. ஊர் தாண்டியதும் அந்தப் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு தடவையும் சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை, சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் கூடையை மடியில் வைத்திருந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

“யாரைம்மா கூப்புடுற?”

“எம்மகளத்தாங்க” என்றேன்.